ஒரு ஷட்டில் தேடிக் குடாவைச் சுற்றி

கட்டைபறிச்சானில் ஒரு தையல் மெசின் நின்றுவிட்டால் அதைத் திரும்ப ஓடவைக்கும் சாமான் மூன்று இடங்களில் ஒன்றில்தான் கிடைக்கும். ஊசி, நூல், பொபின் என்றால் மூதூர்க் கடைத்தெரு. ஷட்டில், பல்லு, தோல் பெல்ற் என்றால் திருகோணமலைப் பட்டினம். அங்கும் இல்லையென்றால் கொழும்பு. மூதூருக்குப் போய்வர ஒரு முற்பகல் போதும். திருகோணமலைக்கு ஒரு முழுநாள் வேண்டும். கொழும்பு என்றால் ஊரில் யாராவது போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்வதில்லை. மெசின் விற்கும் இடத்தில் அதன் நிறத்தையும், எத்தனை வகைத் தையல் விழும் என்பதையும்தான் சொல்வார்கள்.

எங்கள் ஊரை அறியாத சகோதரிகளுக்காக: கட்டைபறிச்சான் கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கத்தில், மூதூர்ப் பட்டினத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் களப்பு. பாலத்தைக் கடந்தால் சேனையூர், கடற்கரைச்சேனை, அப்பால் சம்பூர். 2002 சமாதான உடன்படிக்கைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சோதனைச்சாவடியில்தான் அடையாள அட்டையும் சாமான் பையும் காட்டி நின்றோம். 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கி, ஓகஸ்டில் மூதூரிலும் சண்டை வந்தபோது சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் நடந்தது. திரும்பி வந்த பிறகும் சம்பூர் மக்களுக்குத் தங்கள் காணிக்குப் போக வழியிருக்கவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். அவர்களில் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சொந்த மண்ணில் கால்வைத்தார்கள்.

அந்த ஓட்டத்தில் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போனவர் எவருமில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் மெசினுக்கு மேசை இல்லை. மிதியும் சக்கரமும் பழைய இரும்புக்குப் போயிருந்தன. தலை மட்டும் விழுந்த ஓட்டுக்குவியலின் கீழ் கிடந்தது. கறுப்புத் தலை. பொன்நிறப் பூ வேலைப்பாடு அழிந்து, சக்கரம் இறுகி, சுத்தமாக அசையாமல் இருந்தது. மூதூரில் மெசின் திருத்தும் நானா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது சாகல்ல, உறங்குது" என்றார். மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். நாலாம் நாள் சக்கரம் சுற்றியது. பழைய மேசை ஒன்று தேடிப் பொருத்தினோம். அந்தத் தலையில்தான் இன்றைக்கும் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

போன சீருடைக் காலத்தில் அது தையல் விடத் தொடங்கியது. நாலு தையல் விழும், ஐந்தாவது விழாது. பிள்ளைகளின் வெள்ளைத் துணியில் அப்படி விட்ட தையலை மறைக்க முடியாது. 1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி கொடுத்து வருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்தார்கள். துணி இலவசம், தையற்கூலி இலவசமில்லை. அந்தக் கூலிதான் எங்களைப்போல வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் பெரிய அறுவடை. பாடசாலை தொடங்க முன்னம் கொடுக்க வேண்டிய சட்டைகள் என் வீட்டில் வெட்டியபடி குவிந்து கிடந்தன.

தையல் விட்டால் முதலில் ஊசியை மாற்ற வேண்டும். பாதிப் பழுது அங்கேயே தீரும். வளைந்த ஊசியும் முனை மழுங்கிய ஊசியும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டில் தட்டைப் பக்கத்தை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். பழைய ஊசியைக் கழற்றும்போதே அதன் தட்டை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொண்டு, புதியதையும் அதே பக்கம் பார்க்க, மேல்வரை ஏற்றி இறுக்க வேண்டும். சீருடைத் துணிக்கு 14ஆம் இலக்க ஊசி. மெல்லிய வொயில் சேலைச் சட்டைக்கு 11. டெனிம் துணி, பை தைக்க 16 அல்லது 18. இதெல்லாம் செய்தும் தையல் விட்டது. பிறகு பொபின் கேஸ். நூலைப் பிடித்துக்கொண்டு கேஸைத் தொங்கவிட்டால் அது விழாமல் நிற்க வேண்டும், கையை ஒருதரம் உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தது. மிச்சம் ஷட்டில். பிறைநிலாப்போல வளைந்த அந்த இரும்புத் துண்டின் முனைதான் ஊசிக்குப் பின்னால் விரியும் நூலைக் கொழுவி எடுப்பது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். முனையில் ஒரு சின்னப் பொளிவு தட்டுப்பட்டது.

இதே வாரத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்காவின் மெசினும் நின்றது. அவர் கணவன் 2006இல் போனவர், திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். வாழ்வாதார உதவியாக ஒரு நிறுவனம் கொடுத்த மெசின் அவருடையது. வெள்ளை நிறம், கரண்டில் ஓடுவது, கையில் தூக்கிப் போகலாம், பலவகைத் தையல் விழும். அந்த மெசினை நம்பி அக்கா ஒரு நுண்கடனும் எடுத்திருந்தார். கிழமைக்கு ஒருநாள் கடன்காரர் மரத்தடியில் வந்து கொப்பியை விரித்து இருப்பார். மெசின் நின்ற கிழமையும் அவர் வரத்தான் செய்வார்.

என் ஷட்டிலையும், அக்காவின் மெசினுக்குள்ளிருந்து நானா கழற்றித் தந்த பல் உடைந்த பிளாஸ்டிக் சக்கரத்தையும் ஒரு சாம்பல் பவுடர் டின்னில் போட்டுக்கொண்டு காலை பஸ் ஏறினேன்.

பாலங்கள் வர முன்னம் இந்தப் பயணம் வேறு மாதிரி. மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறி, குடாவைக் குறுக்கே வெட்டித் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் போவோம். மாரிக் காற்றில் லோஞ்ச் ஆடும் ஆட்டத்தில் பாதிப்பேர் கோணேசரையும் பாதிப்பேர் அல்லாஹ்வையும் கூப்பிடுவார்கள். தரைவழியே போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கி, பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி... பாதை என்று நாங்கள் சொல்வது வீதியையல்ல, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவையை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்றத் துறைகளிலும் அடுத்தடுத்துப் பாலம் வந்தது. இப்போது பஸ்ஸில் இருந்த இருப்பில் மகாவலியின் கிளைகளைக் கடந்துவிடலாம். கிண்ணியாவுக்கு அப்பால் சீனன்குடாவில் பிரிமா மாவாலையின் உயர்ந்த கொள்கலன்கள் தெரியும்போது பட்டினம் கிட்டிவிட்டது என்று பையைச் சரிசெய்வோம்.

மூதூரைக் கடக்கும்போது ஒரு பழைய கதை எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். உதிரிப்பாகம் தேடி இந்தக் குடாவுக்கு வந்தவர்களில் மிகப் பேர்பெற்றவர் ஒரு வெள்ளைக்காரர். 1659 கடைசியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் போன ஆங்கிலக் கப்பலொன்று, புதுப் பாய்மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கப்பலின் பெயர் ஆன். தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் 1660இல் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடம் காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேரும்வரை ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் சிறையிருந்தார். அவர் பிடிபட்ட மரமென்று சொல்லப்பட்ட புளியமரத்தடிக்கு மூதூரில் நினைவுக் கல் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இவ்வளவும் வரும். வராத ஒன்று என்னவென்றால், சிறையிருந்த காலத்தில் அவர் வயிற்றைக் கழுவியது தொப்பி பின்னி விற்றுத்தான். இடம்பெயர்ந்த இடத்தில் கைவேலையால் பிழைத்தவர் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் அக்காவிடம் சொன்னபோது, "அவருக்குக் கிழமைக்கடன் இருக்கல்லத்தானே" என்று கேட்டார்.

திருகோணமலையில் மத்திய வீதி, பிரதான வீதிப் பக்கமாக, பொத்தான், லேஸ், சிப் விற்கும் கடைகளில் கேட்டுக்கேட்டுப் போனால் பின்னறையில் மெசின் சாமான் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டாவது கடையிலேயே என் ஷட்டிலை வாங்கிப் பார்த்தவர், பெயர்கூடக் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து மூன்று ஷட்டில்களை மேசையில் வைத்தார். மூன்றும் பொருந்தும். ஒன்று பழைய ஜப்பான் சரக்கு. மற்ற இரண்டும் சீனச் சரக்கு, ஒன்று நல்லது, ஒன்று மலிவு. மலிவானதைப் போல மூன்று மடங்கு விலை ஜப்பானுக்கு. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மலிவானதன் ஓரத்தில் அராவி விட்ட சுரசுரப்பு இருந்தது, அதில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நடுவிலுள்ளது வழுவழுப்பாக இருந்தது, முனையும் கூர். அதை எடுத்தேன். அம்மாவின் மெசினுக்கு அது போதும்.

எண்பது வருடப் பழைய தலைக்கு இன்றைக்குச் செய்த சீனச் சாமான் எப்படிப் பொருந்துகிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. சிங்கர் கம்பனி 19ஆம் நூற்றாண்டிலேயே "15" என்ற வகுப்பு மெசினைச் செய்யத் தொடங்கியது. இலங்கைக்கு அந்தக் கம்பனி 1877இல் வந்து கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது. எங்கள் பாட்டிமாரின் சிங்கர் தலைகளில் மிகப் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங் ஆலையில் வார்த்தவை. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான்காரர் அந்த 15ஐ அப்படியே பார்த்து ஆயிரமாயிரமாகச் செய்தார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் அதே அமைப்பில் செய்தார்கள். பெயர்ப்பட்டிதான் வேறு. ஆகையால் ஆலை மூடியும் சாமான் சாகவில்லை. பொபின், பொபின் கேஸ், ஷட்டில், ஊசி, பாதம் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். 1924இல் மகாத்மா காந்தி, இயந்திரங்களை எல்லாம் எதிர்க்கிறீர்களா என்று கேட்ட மாணவர் ஒருவரிடம் சிங்கர் தையல் மெசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பேசினார். பெண்ணின் கையுழைப்பைக் குறைக்கப் பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் கறுப்புத் தலை எல்லாம் 15 அல்ல. வாங்கப் போனால் ஊசித்தட்டுக்குக் கீழே உள்ள மூடியை இழுத்துப் பாருங்கள். உள்ளே சின்ன ஓடம்போல நீண்ட ஷட்டில் முன்னும் பின்னும் ஓடினால் அது மிகப் பழையது. அழகாக இருக்கும், சத்தமின்றித் தைக்கும், ஆனால் அந்த ஓடம் தேய்ந்தால் தேடி அலைய வேண்டும். மேலிருந்து வட்டப் பொபினை நேரே போடுவதாக இருந்தால் அது வேறு வகுப்பு, அதன் பொபின் கொஞ்சம் மெல்லியது, பக்கங்கள் சற்றுப் புடைத்திருக்கும். அதை 15க்குள் போட்டால் உள்ளே ஆடும். பக்கவாட்டில் பொபின் கேஸை விரலால் பிடித்து வெளியே எடுக்கும் அமைப்பென்றால் அநேகமாக 15. எப்படியானாலும் சாமான் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோவதே உத்தமம். வாயால் விவரித்து வாங்கிய சாமான் பொருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் வேலை முடிந்து அக்காவின் சக்கரத்தை எடுத்து வைத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொடல் நம்பர் கேட்டார். மெசினின் பின்தகட்டிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். "இது இப்ப வாறதில்லை அக்கா. கொழும்பில கேட்டுப் பாக்கலாம், உறுதி சொல்லேலாது" என்றார். இன்னும் நாலு கடை ஏறினேன். ஒரு கடையில் அதேபோன்ற சக்கரம் இருந்தது, ஒரு பல்லு கூட. ஒரு பல்லுக் கூடினாலும் குறைந்தாலும் அது சக்கரமல்ல, குப்பை. வெள்ளை மெசின்களுக்குள் கம்பனிக்குக் கம்பனி, மொடலுக்கு மொடல் சக்கரம் வேறுபடும். மொடல் நின்றால் சாமானும் நின்றுவிடும்.

பட்டினத்தில் ஒரு காட்சியறைக்குள்ளும் போனேன். வாங்குவதற்கில்லை, விசாரிப்பதற்கு. அங்கே மெசின்கள் படிப்படியாக அடுக்கியிருந்தன. கீழ்ப்படியில் மேசையோடு கூடிய கறுப்புக் கால் மெசின். அடுத்த படியில் நேர்த்தையலும் சிக்சாக்கும் பொத்தான் ஓட்டையும் விழும் வெள்ளை மெசின். அதற்கு மேல் திரையும் பொத்தான்களுமாகக் கம்பியூட்டர் மெசின். தனியே ஒரு மூலையில் ஜூக்கி போன்ற ஆலை மெசினும் ஓவர்லொக்கும். விற்பனைத் தம்பி கம்பியூட்டர் மெசினில் வாத்தும் பூவும் விழுத்திக் காட்டினார். அழகுதான். ஊரில் எனக்கு வரும் வேலை என்ன? சீருடை, சேலைச் சட்டை, பாவாடை, பெருநாளுக்கு மூதூர் ராத்தாமாரின் உடுப்பு, கிழிந்த காற்சட்டைக்கு ஒட்டு. வாத்துக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. நேர்த்தையல் பத்தில் ஒன்பது பங்கு. ஓரம் பிரியாமல் இருக்கச் சிக்சாக் கொஞ்சம் உதவும்.

ஆலை மெசின் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும், நாள் முழுக்க ஓடினாலும் களைக்காது. ஆனால் அதன் ஊசி வேறு. வீட்டு மெசின் ஊசியின் தலை ஒருபக்கம் தட்டை, ஆலை மெசின் ஊசியின் தலை முழு வட்டம். பொபினும் வேறு. அடித்தட்டில் எண்ணெய் நிரப்பி வைக்க வேண்டும், மேசையோடு சேர்த்து அசைக்க நாலுபேர் வேண்டும். பழைய வகை மோட்டர் தைக்காமல் நிற்கும்போதும் சுழன்றுகொண்டே கரண்ட் குடிக்கும். வாங்குவதென்றால் மிதிக்கும்போது மட்டும் சுழலும் சேர்வோ மோட்டர் பூட்டியதாகக் கேட்க வேண்டும். ஒரு கடைக்கோ ஆலைக்கோ நிரந்தரமாகத் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கையில் இருந்தால் வாங்கலாம். ஒப்பந்தம் வரும் என்ற நம்பிக்கையில் வாங்கக்கூடாது என்பது என் எண்ணம்.

கரண்ட் விசயத்தில் 2022ஐ மறக்க முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அப்போது எங்கள் ஒழுங்கையில் தையல் நடந்தது கால் மெசின் உள்ள வீடுகளில் மட்டும். கறுப்புத் தலைக்குப் பின்பக்கம் சின்ன மோட்டர் பூட்டலாம். மோட்டரைப் பூட்டினாலும் மிதியைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். மோட்டர் பலம் குறைந்து பொறி பறந்தால் உடனே புது மோட்டர் வாங்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் இரண்டு கரித்துண்டும் தேய்ந்திருக்கும். சோடியாக மாற்றினால் போதும், துளைபோடும் மெசின் திருத்துபவர்களிடமும் அளவு பார்த்து எடுக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து மெசின் அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் கரண்ட் 120 வோல்ற், எங்களுக்கு 230. அங்கிருந்து பாசமாக வந்த மெசினை இங்கே சுவரில் கொழுவினால் அன்றைக்கே புகைந்துவிடும். இடையில் வோல்ற் குறைக்கும் பெட்டி வேண்டும், அது மெசினுக்கும் அதன் விளக்குக்கும் தேவையான வோட்ஸைவிடக் கூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டி விலையையும் கணக்கில் சேர்த்தால், மெசினுக்குப் பதில் காசை அனுப்பச் சொல்வது நல்லது.

தவணைக்கு வாங்குவதையும் சொல்ல வேண்டும். உலகத்தில் வீட்டுச் சாமானைத் தவணைக்கு விற்கும் முறையைப் பெரிதாகப் பரப்பியதே தையல் மெசின்தான். 1856 அளவில் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க், முழுக்காசு கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு மாதாமாதம் கட்டும்படி மெசின் கொடுத்தார். அதனால் ஏழை வீட்டுக்குள்ளும் மெசின் போனது உண்மை. கட்டிமுடிக்கும் தொகை கைக்காசு விலையைவிட எவ்வளவு கூட என்பதையும், தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்பதையும் தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்து வைக்க வேண்டும். மெசினுக்குத் தவணை, அதைக் கட்ட நுண்கடன், நுண்கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன் என்று போன வீடுகள் எங்கள் பகுதியில் உண்டு.

பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன். அன்றிரவே ஷட்டிலைப் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்தேன். தையல் முத்துக் கோர்த்தாற்போல விழுந்தது. அக்காவிடம் டின்னைத் திறந்து காட்டியபோது அவர் அதிகம் பேசவில்லை. "அப்ப இந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டார். பகலில் நான் தைப்பது, இரவில் என் மெசினில் அவர் தைப்பது என்று ஒழுங்குபண்ணினோம். குவிந்திருந்த சீருடையில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். அந்த மாதத்துக் கிழமைகள் அப்படித்தான் கடந்தன. சீருடைக் காசில் கடன் போக மிஞ்சியதோடு, வெள்ளை மெசினை அதன் மோட்டருக்காக ஒருவர் எடுத்த காசும் சேர்ந்தது. நானா தோப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கிடந்த 15 தலையொன்றைப் பேசி எடுத்துத் தந்தார். "இதுக்கு நான் உசிரோட இல்லாட்டியும் சாமான் கிடைக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

உதவி கொடுக்கும் நிறுவனங்கள் ஊருக்கு வந்து கூட்டம் வைக்கும்போது இப்போது நாங்கள் இதையே கேட்கிறோம். மெசின் என்ன நிறம் என்பதல்ல. இதன் ஷட்டிலும் பொபின் கேஸும் மூதூரிலோ திருகோணமலையிலோ எந்தக் கடையில் கிடைக்கும்? கொடுக்கும்போதே ஒரு சோடி கூடத் தருவீர்களா? ஒருமுறை ஒரு அலுவலர் தங்கச்சி கேள்வியை எழுதிக்கொண்டு போய், பிறகு மெசினோடு ஊசிப் பெட்டியும் பெல்ற்றும் சேர்த்து அனுப்பினார். கேட்டால்தான் கிடைக்கும்.

கடற்காற்று மெசினுக்குச் சத்துரு. களப்பு ஓரத்து வீடுகளில் ஊசி ஒரு மாரியில் துருவேறும். வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் இரும்பைத் துடைத்து, தலையைத் துணியால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே வியர்க்கும். தேங்காயெண்ணெய் விடவே கூடாது, சில மாதத்தில் பிசினாகி எல்லாவற்றையும் இறுக்கிவிடும். தையல் மெசினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெய் மட்டும். மாரியில் தோல் பெல்ற் நெகிழ்ந்து வழுக்கும். கம்பிக் கொழுவியைக் கழற்றி விரற்கடை நீளம் வெட்டித் திரும்பக் கொழுவலாம். ஒரேயடியாக அதிகம் வெட்டினால் மிதி கல்லாக இருக்கும். பொபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்தால் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையில் அதே அளவு வளையம் கேட்டுப் பாருங்கள். சில்லறைக் காசுக்குத் தருவார்கள்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் கறுப்புத் தலை உள்ள ஏழு வீட்டுக்காரரும் ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டு, ஒரு பிஸ்கற் டின்னில் இரண்டு ஷட்டில், மூன்று பொபின் கேஸ், ஒரு டசின் பொபின், 11, 14, 16 ஊசி, ஒரு பெல்ற், இரண்டு போத்தல் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறோம். டின் அக்கா வீட்டில் இருக்கிறது. எடுப்பவர் கொப்பியில் எழுதி, எடுத்ததற்குக் காசு போட வேண்டும். பட்டினம் போகிறவர் எவரோ அவர் குறைந்ததை வாங்கி வருவார். போன கிழமை சேனையூரிலிருந்து ஒரு பிள்ளை வந்து பொபின் கேஸ் ஒன்று கேட்டாள். ஒழுங்கைக்கு வெளியே கொடுப்பதா என்று ஒரு வாக்குவாதம். அக்கா கொடுத்துவிட்டு, கொப்பியில் அவள் பெயரையும் எழுதிவிட்டார். அடுத்த முறை டின்னுக்கு எட்டுப்பேர் காசு.